லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு: வாங்கிய ஜோடி உண்மையில் ஜோடிதானா?

நம்மவர்களில் பலர் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொல்வது ஆஸ்திரேலியாவின் பட்ஜியை. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளி. மொத்தம் 9 இனங்கள். கூண்டு வாங்கும் முன் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும்.

வளர்ந்த பட்ஜிகளில் பெரும்பாலும் ஆணுக்கு அலகின் மேல்பகுதி நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. 'பீச் ஃபேஸ்' லவ் பேர்டிலோ இரண்டும் ஒரே மாதிரி. ஒட்டி உட்கார்ந்து ஊட்டிக்கொண்டால் ஜோடி என்று நம்பிவிடுகிறோம். இரண்டு பெண்களும் அப்படித்தான் இருக்கும். பெட்டியில் எட்டு, பத்து முட்டை கிடந்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லையா? இரண்டும் பெண்ணாக இருக்கலாம். இறகை வைத்துச் செய்யும் டிஎன்ஏ சோதனைதான் உறுதி.

சரியான ஜோடிக்கு மரப்பெட்டியும் தென்னை ஓலையும் கொடுங்கள். 'பீச் ஃபேஸ்' பெண் ஓலையைக் கீற்றாகக் கிழித்து, இடுப்பு இறகில் செருகிக்கொண்டு பெட்டிக்குப் போவது பார்க்கவே அழகு. பட்ஜிக்கு வெறும் பெட்டி போதும். லவ் பேர்ட் வழக்கமாக 4 முதல் 6 முட்டை இடும். சுமார் 23 நாளில் பொரிக்கும்.

ஒரு வயதாகாத பெண்ணுக்குப் பெட்டி வைக்காதீர்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கி, பறவை ஒரே நாளில் இறந்துவிடக்கூடும். கூண்டில் எப்போதும் கணவாய் ஓடு தொங்கட்டும். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் முக்கிக்கொண்டிருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

சூரியகாந்தி விதை மட்டும் போதாது. தினையும் கீரையும் வேண்டும். அவகாடோ பழம் நஞ்சு. சிலிம் ரிவர் வெயிலில் தகரக் கூரைக்கு நேர்கீழே கூண்டு வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும். பிறகு பெட்டியை எடுத்துவிடுங்கள்.