ஏ9 ரோட்டில் ஒற்றைச் சிலிண்டர்

வெள்ளவத்தையிலயும் கொட்டாஞ்சேனையிலயும் எங்கட வயசு ஆக்கள் பைக் எடுத்தால், முதல் கேள்வியே "யாழ்ப்பாணம் எப்ப?" என்பதுதான். புத்தளம், அனுராதபுரம், வவுனியா, பிறகு நேரே ஏ9. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். 200 சிசி அட்வென்ச்சர் பைக்கில் சாமானையும் கட்டிக்கொண்டு விடியப் புறப்பட்டால் பொழுதுபட முதல் போய்விடலாம். இதை ஏதோ நாங்கள்தான் தொடக்கி வைத்த மாதிரி ஒரு நினைப்பு. சின்ன இஞ்சின் வண்டிக்கு வடக்கில் பழைய கதை ஒன்று இருக்கு.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியதோடு வடக்குக்குப் பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல் யானை விலை, குதிரை விலை. யாழ்ப்பாணத்துச் சனம் ஹொண்டா சி90 போன்ற வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டியது. குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து ஸ்டார்ட் பண்ணி, இஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும், வண்டி இழுக்காது. ஆனாலும் ஓடியது. ஒரே சிலிண்டர், குறைந்த அமுக்கம், வீட்டு முற்றத்திலேயே கழற்றிக் கழுவக்கூடிய காபரேற்றர், இவ்வளவும்தான் காரணம். இன்றைய ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் பைக்கில் இதைச் செய்து பாருங்கோ, மெக்கானிக் அண்ணாவிடம் நல்லா வாங்கிக் கட்டுவீங்கள்.

ரோட்டின் கதை இன்னும் சிக்கல். 2002 ஏப்ரலில் திறந்த ஏ9, 2006 ஆகஸ்டில் முகமாலையில் திரும்ப மூடுப்பட்டது. 2007 ஜூன் 7 விடியப்புறம் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிஸ் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பியது. "ஊருக்குப் போங்கோ" என்பதுதான் கட்டளை. யாழ்ப்பாணத்தவருக்கோ ஊர்போகத் தரைவழியே இல்லை! அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

நாங்கள் இப்ப பைக்கில் போவதும் அதே வவுனியாவுக்கூடாகத்தான். எங்கட ரைட் வீடியோக்களில் மைலேஜ் வருது, டயர் வருது, ஆனையிறவில் செல்ஃபி வருது. வவுனியா தாண்டினதும் வரும் ஓமந்தையில் யாரும் பிரேக் பிடிப்பதில்லை. சோதனைச் சாவடியில் சனம் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற இடம் அது.

மண்ணெண்ணெய் வண்டி ஓட்டினவர்கள் கொஞ்சப் பேர் இப்ப வெள்ளவத்தை ஃபிளாட்டுகளிலதான் இருக்கினம். கீழே பைக்கை நிற்பாட்டும்போது ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. எத்தனை துளி விட்டார்கள் என்பதுவரை கையால் காட்டிச் சொல்லுவினம்.