மலையுச்சியில் எழுந்த வினா

சேலத்துச் சமவெளியில் நின்று சேர்வராயன் மலையை நோக்குந்தோறும் குண்டலகேசியின் கதை என் நினைவில் எழும். காரணம் உண்டு. அப்பழங்கதையைத் தழுவிய 'மந்திரி குமாரி' என்னும் திரைப்படத்தைச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1950-இல் வெளியிட்டனர், உரையாடல் மு. கருணாநிதி எழுதியது.

ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய குண்டலகேசியில் இன்று சில செய்யுட்களே எஞ்சியுள்ளன. கதையை நீலகேசி உரையால் அறிகிறோம். கொலைக்களத்துக்குச் சென்றுகொண்டிருந்த கள்வன் காளனைப் பத்திரை காதலித்தாள். அவள் தந்தை அவனை மீட்டு மணம் முடித்து வைத்தார். ஊடலின்போது ஒருநாள் அவனைக் 'கள்வன்' என்றாள். வன்மங்கொண்ட அவன் அவளைக் கொல்ல எண்ணி மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். அவன் கருத்தறிந்த அவள், வலம் வந்து வணங்குவதாகக் கூறிப் பின்னின்று தள்ளினாள்.

மாணவ நண்பர்களே! தீமை வீழ்ந்தது, நன்மை வென்றதா?

திரைப்படத்தில் கணவன் நாட்டையே சூறையாடும் கொள்ளைக்காரன். ஆகவே அவன் வீழ்ச்சியில் நாட்டின் நலமும் அடங்கியிருக்கிறது. காப்பியமோ பத்திரைக்கு வெற்றிவாகை சூட்டவில்லை. தன்னுயிர் காத்த கையே கணவனைக் கொன்ற கையும் ஆயிற்று. அவள் இல்லம் மீளவில்லை, துறவு பூண்டாள், வாதம் புரிந்தாள், முடிவில் பௌத்த நெறியை அடைந்தாள். தீயோன் மாய்ந்த பின்னும் நல்லோர் நெஞ்சில் தொடரும் விசாரணையே துன்பியலின் உயிர் என்பது என் துணிபு.