மாமனும் மருகனும்

திருப்புகழ் ஓதும் அன்பர்கள் 'மருகோனே' என்னும் விளியைப் பன்முறை கேட்டிருப்பர். அருணகிரிநாதர் முருகப்பெருமானைத் திருமாலின் மருகன் என்று மீண்டும் மீண்டும் போற்றுகின்றார். இந்நாளில் மருமகன் என்றால் மகளின் கணவன் என்றே பலரும் பொருள் கொள்கின்றனர். உடன்பிறந்தாளின் மகன் என்பதும் அச்சொல்லின் பொருளேயாம். உமையம்மை திருமாலின் தங்கை; ஆதலின் அவள் திருமகன் மாலுக்கு மருகன். மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணத்தின்போது திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள் எழுந்தருளித் தங்கையைத் தாரை வார்த்துக் கொடுப்பது இன்றும் நிகழ்கின்றது.

இன்னொரு முறையும் உண்டு. தெய்வயானையும் வள்ளியும் முன்னர்த் திருமாலின் புதல்வியராய் அமுதவல்லி, சுந்தரவல்லி எனத் தோன்றியவர்கள் என்று கந்தபுராணம் கூறும். மாமன் மகளிரையே மணந்தமையால் முருகன் இருவகையாலும் மருகனாகின்றான். தாயின் உடன்பிறந்தான், தந்தையின் உடன்பிறந்தாள் கணவன், மணந்துகொண்டவரின் தந்தை ஆகிய அனைவரையும் 'மாமன்' என்னும் ஒரே சொல் சுட்டுவதன் காரணமும் இதுவே. மாமன் மகளை மணக்கும் மரபில் தாய்மாமனே மாமனாராகவும் அமைந்தான்.

மலேசியச் சட்டமும் இம்முறையை அறியும். 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நெருங்கிய உறவினர் மணத்தைத் தடுக்கின்றது. ஆயினும், இந்து ஒருவர் தம் வழக்கப்படி அக்காள் அல்லது தங்கையின் மகளை மணப்பதற்கு அதே பிரிவு விலக்களிக்கின்றது. இத்தகைய மணத்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு மிகும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். சட்டம் இடந்தருவதாலேயே ஒன்று செய்யத்தக்கதாகிவிடாது.

அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானுக்குக் குடிபெயர்ந்து வந்த மினாங்கபாவ் மக்களின் மரபிலும் தாயின் உடன்பிறந்தான் 'மாமாக்' எனப்படுகின்றான். சகோதரியின் பிள்ளைகளுக்கு அவனே பொறுப்பாளன். ஓசையும் பொறுப்பும் ஒத்திருத்தல் வியப்புக்குரியது.

தோட்டங்களில் தாய்மாமன் பெரும்பாலும் அடுத்த லயத்திலேயே குடியிருந்தான். காதுகுத்துக்கு மடியும், பெண் பூப்பெய்தினால் குடிசை கட்டப் பச்சோலையும் அவனுடையவை. பிராங் பெசார் முதலிய தோட்டங்கள் 1990களில் புத்ராஜெயாவுக்காக எடுக்கப்பட்டபின், அங்கிருந்த குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தன. சுற்றம் வெவ்வேறு ஊர்களில் சிதறிய இக்காலத்தில், பிள்ளைகள் சித்தப்பனையும் மாமனையும் பக்கத்து வீட்டாரையும் ஒருங்கே 'அங்கிள்' என்று அழைக்கின்றனர். அச்சொல்லில் சீர் செய்யும் கடமை எவருக்கும் இல்லை.

ஆயினும் காதணி விழா நாளில் அச்சொல் உதவுவதில்லை. "தாய்மாமன் எங்கே?" என்ற குரல் எழுகின்றது. தாய்க்கு உடன்பிறந்தான் இல்லையெனில், அவளுடைய பெரியப்பன் மகனோ சின்னம்மாள் மகனோ அழைக்கப்படுகின்றான். அவனும் மாமனே. குழந்தை அவன் மடியில் அமர்ந்த பின்னரே காது குத்தப்படுகின்றது.