சாணக்கியன் விரும்பிய எதிரி

தூர்தர்ஷனில் 1991 செப்டம்பரில் தொடங்கிய ‘சாணக்யா’ தொடரைக் கண்டு வளர்ந்த தலைமுறைக்கு, மௌரியர் வரலாறு என்றதும் மனத்தில் எழுவது குடுமியை அவிழ்த்துவிட்டு நந்தர் அவையில் சூளுரைக்கும் ஓர் ஆசிரியரின் உருவம். தொடரை எழுதி, இயக்கி, அவ்வேடத்தையும் தாமே ஏற்றவர் சந்திரபிரகாஷ் துவிவேதி. அலெக்சாந்தரின் படை வாசலில் நிற்க, தனித்தனியே பிரிந்து கிடக்கும் அரசுகளை ஒன்றிணைப்பது எவ்வாறு என்பதே அத்தொடரின் கவலை.

அந்நினைவோடு விசாகதத்தரின் ‘முத்ராராட்சசம்’ என்னும் வடமொழி நாடகத்தைப் படிக்கப் புகும் மாணவர் வேறோர் உலகைக் காண்கிறார். அங்கே அலெக்சாந்தர் இல்லை. நந்தர்கள் முன்பே மாண்டுவிட்டனர். சந்திரகுப்தன் அரியணையில் அமர்ந்துவிட்டான். ஏழு அங்கங்களுக்கும் எஞ்சியிருப்பது ஒரே வேலை: நந்தர்களின் அமைச்சன் ராட்சசனைச் சந்திரகுப்தனுக்கே அமைச்சனாக்குவது. அவனைக் கொல்வது சாணக்கியனின் நோக்கமே அன்று. மேடையில் போர் நிகழ்வதில்லை. ராட்சசனின் முத்திரை மோதிரம் பகைவர் கையில் சிக்குகிறது. அம்முத்திரையிட்ட பொய்க் கடிதம் ஒன்று, அவனுக்கும் அவன் நம்பியிருந்த மலயகேதுவுக்கும் இடையே பிளவை உண்டாக்குகிறது.

நாடகத்தில் நெஞ்சைத் தொடுபவன் தோற்பவனே. ராட்சசனின் குடும்பத்தைத் தன் வீட்டில் மறைத்து வைத்த மணி வணிகன் சந்தனதாசன், நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்துக் கொலைக்களம் செல்கிறான். அவனைக் காக்கவே ராட்சசன் தன்னை ஒப்படைக்கிறான். அக்கொலைக்களமும் சாணக்கியனின் ஏற்பாடுதான்! எதிரியின் நட்புணர்வை இவ்வளவு நுட்பமாக அளந்து, அதையே வலையாக விரித்த அமைச்சனைப் போற்றுவதா அஞ்சுவதா என்பதை விசாகதத்தர் நமக்குச் சொல்வதில்லை.

எனினும் இந்நாடகத்தை மௌரியர் காலச் சான்றாகக் கொள்வதற்கில்லை. மலயகேதுவின் படைத்துணைவருள் ஹூணர் இடம்பெறுகின்றனர். அவர்கள் இந்தியாவினுள் புகுந்தது மௌரியருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர். இறுதி வாழ்த்தில் வரும் மன்னன் பெயரோ, சுவடிக்குச் சுவடி சந்திரகுப்தன், அவந்திவர்மன், தந்திவர்மன் என மாறுகிறது. ஆசிரியரின் காலம் பற்றிய விவாதம் இன்றும் முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். மெகஸ்தனிசின் எஞ்சிய குறிப்புகளில் சாணக்கியன் பெயரே இல்லை. ஆகவே இந்நாடகம் உறுதியாகக் காட்டுவது அதன் ஆசிரியர் காலத்துக் கேள்வியை எனலாம்: ஒரு குலம் வீழ்ந்தபின் அதன் விசுவாசமுள்ள அலுவலர்களைப் புதிய அரசு என்ன செய்வது?

இருபதாம் நூற்றாண்டில் கேள்வி மாறியது. 1905இல் அர்த்தசாஸ்திரச் சுவடி மைசூரில் ஆர். சாமசாஸ்திரியின் கைக்குக் கிடைத்து, 1909இல் அச்சேறியது. வங்கத்தில் துவிஜேந்திரலால் ராயின் ‘சந்திரகுப்தா’ 1911இலும், இந்தியில் ஜெய்சங்கர் பிரசாத்தின் ‘சந்திரகுப்த்’ 1931இலும் வெளிவந்தன. அயலார் ஆட்சியில் எழுதிய இவ்விருவரும் விசாகதத்தர் பொருட்படுத்தாத கிரேக்கரை மேடையேற்றினர். துவிவேதியின் தொடர் இவ்வழியில் வந்தது. தொண்ணூறுகளின் தேச ஒற்றுமைப் பேச்சு அதில் தெளிவாகவே ஒலிக்கிறது. அதைக் குறையென ஒதுக்குவது எளிது. ஹூணரை மௌரியர் காலத்துக்குக் கொண்டுவந்த விசாகதத்தரிடம் மட்டும் அக்கண்டிப்பைக் காட்டாதிருப்பது முறையாகாது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பயிலும் வகுப்பில் கடைசி அங்கமே நீண்ட விவாதத்துக்கு உரியது. நண்பனின் உயிருக்கு ஈடாக அமைச்சுப் பதவியின் வாளை ராட்சசன் ஏற்கிறான். சாணக்கியன் தன் குடுமியை முடிந்துகொள்கிறான். அவ்வாளை ஏற்ற கணத்தில் ராட்சசன் நந்தர்களுக்குத் துரோகம் செய்தானா என்பதற்கு நாடகத்தில் விடை இல்லை.