மன்னாரின் இரண்டு கால்கள்

பழைய கணினித் திரைகளில் கண்ட படிக்கட்டு எழுத்துகளுக்கு இப்போது மீண்டும் மவுசு பிறந்திருக்கிறது. கணினி விளையாட்டுகள், சுவரொட்டிகள், விளம்பரங்கள் எனப் பல இடங்களிலும் அவற்றைக் காண்கிறோம். அவற்றுள் பாதம் வைத்த எழுத்துருக்கள் ஒரு தனி வகை. ஆங்கில எழுத்தின் கோடு முடியுமிடத்தில் இருபுறமும் சிறிது நீளும் பாதத்தை 'செரிப்' என்பர். அப்பிள் நிறுவனம் 1984இல் வெளியிட்ட மெக்கின்ரொஷ் கணினிக்கெனச் சூசன் கெயர் அம்மையார் வரைந்த 'நியூயோர்க்' எழுத்துரு இவ்வகையில் பேர்பெற்றது. அங்குலத்துக்கு 72 புள்ளிகளே கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை அது. தண்டின் அடியில் இடப்புறம் ஒரு புள்ளி, வலப்புறம் ஒரு புள்ளி வைத்தால் பாதம் முடிந்தது. அச்சுப் புத்தகத்தின் சாயலும் வந்துவிடும். பாதத்தை நீக்கினாலும் எழுத்து மாறாது. ஆங்கிலத்தில் அது அணிகலன்.

தமிழில் அப்படியன்று. 'மன்னார்' என்னும் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். அதில் இரண்டு புள்ளிகள் உள்ளன. ஒரு துணைக்கால் உள்ளது. அதை அடுத்து, ஏறக்குறைய அதே உருவில் ரகரம் நிற்கிறது. துணைக்காலையும் ரகரத்தையும் வேறுபடுத்துவது ரகரத்தின் அடியில் சாயும் சிறு கீற்று மட்டுமே. ஆங்கிலத்தில் அழகுக்கு வைத்த பாதத்தை ஒத்த அக்கீற்றுத்தான் நமக்கு எழுத்தையே தீர்மானிக்கிறது.

ஓலை காலத்தில் அந்தக் கீற்றும் இல்லை, புள்ளியும் இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியும் என்று விட்டுவிட்டனர். ஆகவே மன்னாரை எழுதியவர் மகரமும் இரு னகரங்களும் எழுதி, அவற்றை அடுத்து ஒரே மாதிரியான இரண்டு கால்களை நாட்டினார். படிப்பவர் இடமறிந்து படித்துக்கொண்டார்.

தமிழ் அச்சின் தொடக்கத்துக்கும் மன்னாருக்கும் உறவுண்டு. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். முத்துக்குளித்துறைப் பரதவர் பலர் அங்கு குடியேறினர். அவர்களோடு வந்த என்றிக் என்றிக்கஸ் அடிகளார் 1561இல் மன்னாரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடிதங்கள் எழுதினார். அவர் மொழிபெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 ஒக்ரோபர் 20இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் அச்சேறியது. 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் வார்த்த எழுத்துகள் அதில் உள்ளன. ஆனால் வார்த்தவர்கள் ஓலையின் வடிவையே உலோகத்துக்கு மாற்றினர். புள்ளி அங்கும் ஏறவில்லை. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைக் கொம்பின் வடிவிலேயே காட்டும் வழக்கத்துக்கு வீரமாமுனிவரின் 18ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வாறு நூற்றாண்டுகளாகச் சேர்த்த நுண்மைகளைப் புள்ளித்திரையும் புள்ளி அச்சுப்பொறியும் சில ஆண்டுகளில் பறித்துக்கொண்டன. டொட் மெட்ரிக்ஸ் பொறிகளில் மலிவானவற்றுக்கு 9 ஊசிகளே இருந்தன. மேலே மெய்ப்புள்ளிக்கும் விசிறிக்கும் இடம் வேண்டும். கீழே உகர வாலுக்கு இடம் வேண்டும். எஞ்சிய வரிசைகளில்தான் எழுத்தின் உடல். மூன்று சுழி ணகரத்தின் ஒவ்வொரு சுழிக்குள்ளும் ஒரு வெள்ளைப்புள்ளியாவது தெரியவேண்டுமானால், இடையிலுள்ள கரிய சுவர்களோடு ஏழு புள்ளி அகலம் போய்விடும். ஐகாரத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

1990களில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்தோரின் பெயர்ப்பட்டியல்கள் நான் பணியாற்றிய பத்திரிகைக்கு இத்தகைய பொறிகளில் அச்சிடப்பட்டு வரும். நாடா தேய்ந்திருக்கும். மன்னார்க் கத்தோலிக்க ஊர்களில் ஒரே புனிதரின் பெயரைப் பத்துப்பேர் தாங்கியிருப்பர். தந்தை பெயரின் முதலெழுத்தே ஆளைப் பிரித்துக்காட்டும். அது 'செ'யா, 'சே'யா? ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் இடையே இருந்தது ஒரு சுழி. அதுவும் அடைபட்டுக் கரும்பொட்டாகக் கிடக்கும். உறவினரைத் தேடுவோர் மறுநாள் பத்திரிகையில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான். வீரமாமுனிவர் தந்ததை ஓர் ஊசி அழித்துவிட்டதே என்று ஒப்புநோக்குநர் ஒருவர் முணுமுணுத்தது நினைவிலிருக்கிறது.

திரைகள் கூர்மையடைந்ததும் இத்தொல்லை தீர்ந்தது என்றே பலரும் எண்ணினர். தீரவில்லை, வடிவம் மாறியது. சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா போன்ற முன்னோடிகள் தமிழைத் தட்டச்சுப்பொறிக்குள் அடக்கியபோது விசைகள் போதாமையே பெரும் சவாலாயிற்று. பழைய தட்டச்சு வழக்கத்தை ஒட்டி வந்த, இலங்கையில் பரவலாகப் பயன்பட்ட 'பாமினி' எழுத்துருவில் ரகர மெய்யைத் துணைக்காலின்மேல் புள்ளி வைத்தே அடிப்பர். எனவே மன்னாரை அடிக்கக் கால் விசையை இருமுறை தட்டிப் பின் புள்ளி விசையைத் தட்டவேண்டும். ஓலைக்காரனின் இரண்டு கால்கள் மீண்டும் வந்துவிட்டன.

தாளில் அது பிழையாகத் தோன்றவில்லை. தலைமுறைகள் அப்படியே படித்தன. ஆனால் அக்கோப்புகளைக் கருத்தின்றி யுனிகோடுக்கு மாற்றும்போது 'மன்னாா்' என்று பதிவாகிறது. பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கணினிக்கோ அது வேறொரு சொல். 'மன்னார்' என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. இன்றும் இணையத்தில் செய்திகளிலும் அறிக்கைகளிலும் இந்த இரட்டைக்கால் மன்னாரைக் காணலாம்.

அலங்காரத்துக்காகப் படிக்கட்டுத் தமிழெழுத்து வரையும் இளைஞர்கள் ரகரத்தின் கீற்றுக்கு ஒரு புள்ளியேனும் ஒதுக்கட்டும். மன்னாரின் போர்க்காலச் செய்திகளையோ பெயர்ப்பட்டியல்களையோ இணையத்தில் தேடுவோர் ஊர்ப்பெயரை ரகரத்தோடு ஒருமுறையும், இரண்டு கால்களோடு இன்னொருமுறையும் தட்டிப்பார்ப்பது நன்று.