கையிற் பிறந்த மொழி

அக்கராயன் குளத்து நீர் பாயும் வயல்வெளிகளில், குரல் எட்டாத தூரத்தில் நிற்கும் இருவர் கையாற் பேசிக்கொள்வர். உயர்த்திய உள்ளங்கை ‘நில்’ என்னும். உட்புறமாக அசையும் கை ‘வா’ என்னும். வாய்ப்பேச்சில் வல்லவரும் கையின் துணையை விட்டாரில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலிற் புலப்படுமாற்றைக் கூறுவதற்கெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். ஆயின் இத்தகைய சைகைகளும், செவிப்புலனற்றோர் தமக்குள் வழங்கும் சைகை மொழியும் ஒன்றுதானா?

வன்னிக்கு மேற்கே, மன்னார்க் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், வணிகர் துணி மறைவில் ஒருவர் கையை மற்றவர் பற்றி, விரல்களை அழுத்தியே விலை பேசினர். மொழி வேறான இருவரும் அவ்வாறு பேரம் முடிக்கலாம். சூழ நின்றோர் விலையை அறியார். எனினும் அக்கைகள் எண்ணை மட்டுமே சொல்லும். ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்று அவற்றாற் கேட்டல் இயலாது. அது குறியீடு, மொழியன்று.

கேட்கும் பிள்ளை பாடம் எதுவுமின்றியே தாய்மொழியைப் பெறுகின்றது. சுற்றத்தார் பேச்சு நாள்முழுதும் அதன் காதில் விழுவதே காரணம். தனித்ததொரு கிராமத்தில் செவிப்புலனின்றிப் பிறந்த பிள்ளையோ, பசிக்கும் நீருக்கும் பசுவுக்கும் தானே சைகைகளைப் படைத்துக்கொள்ளும். தாய் அவற்றை அறிவாள், அயலார் அறியார். அப்பிள்ளைக்குக் குறைவது அறிவன்று, கூடிப் பேசுவாரே.

அத்தகையோர் பலர் ஓரிடத்திற் கூடும்போது சைகை மொழியாக வளர்கின்றது. 18ஆம் நூற்றாண்டில், பாரிஸ் நகரத்துச் செவிப்புலனற்றோர் சைகையாற் பேசிவந்ததைக் கண்ட டெ லெப்பே என்னும் பாதிரியார், அதனைக் கற்று, 1760களில் அவர்களுக்கெனப் பள்ளி நடத்தினார். பாரிஸ் பள்ளியிற் பயின்ற லோரன் கிளார்க் அமெரிக்கா சென்று, 1817 இல் ஹார்ட்போர்ட் நகரில் பள்ளி தோன்றத் துணைநின்றார். இதனால் அமெரிக்கச் சைகை மொழி பிரெஞ்சுச் சைகை மொழிக்கு உறவாயிற்று. ஆங்கிலம் பேசும் பிரித்தானியாவின் சைகை மொழிக்கோ அயலாயிற்று. சைகை மொழி பேச்சு மொழியின் நிழலன்று என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

எனினும் 1880 இல் மிலான் நகரிற் கூடிய மாநாடு, செவிப்புலனற்றோர்க்கு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பித்தல் வேண்டும் எனத் தீர்மானித்தது. பல நாட்டு வகுப்பறைகளினின்றும் சைகை விலக்கப்பட்டது. மாணவரோ அதனைக் கைவிட்டாரல்லர். விடுதிகளிலும் விளையாட்டிடங்களிலும் அது வாழ்ந்தது. 1960 இல் வில்லியம் ஸ்டோக்கி என்னும் அமெரிக்க அறிஞர், கைவடிவம், இடம், அசைவு என்னும் கூறுகளால் அம்மொழி அமைந்திருத்தலை விளக்கினார். ‘கல்’, ‘கால்’ என்பவற்றிடையே குறிலும் நெடிலும் பொருளை வேறாக்குதல் போல, அங்கே கைவடிவின் சிறு மாற்றமும் பொருளை வேறாக்கும்.

நிக்கராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1977 இல் தொடங்கிய பள்ளியில், ஆசிரியர்கள் ஸ்பானிய மொழியை உதட்டசைவாற் கற்பிக்க முயன்றனர். அம்முயற்சி பெரிதும் பயனளிக்கவில்லை. பிள்ளைகளோ தத்தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பொதுமொழி ஒன்றை ஆக்கிக்கொண்டனர். பின்னர் வந்த இளஞ்சிறாரே அதனை இலக்கணத்தால் வளப்படுத்தினர்.

இலங்கையில், 1912 இல் மேரி சப்மன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் பள்ளி தொடங்கினார். அது இரத்மலானையில் நிலைபெற்றது. வடபகுதியில், யாழ்ப்பாணத்துக் கைதடியில், 1956 இல் நஃபீல்ட் பாடசாலை தோன்றியது. 2011 வரை அக்கராயனிலிருந்து கைதடிக்குத் தரைவழியே சென்றோர் ஆனையிறவைக் கடத்தல் வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அந்த ஏ9 பாதை ஆண்டுக்கணக்கில் அடைபட்டிருந்தது. 2002 இல் திறந்து, 2006 இல் மீண்டும் மூடியது. 2008 இல் அக்கராயன் மக்கள் ஊரையே விட்டு இடம்பெயர்ந்தனர். பாதை மூடியபோது யாவர்க்கும் உணவும் மருந்தும் அரிதாயின. செவிப்புலனற்ற பிள்ளைக்கோ தன்போன்றோரின் கூட்டமும் அரிதாயிற்று. மொழி எளிதிற் கைவரும் இளமைப் பருவம், பாதை திறக்கும்வரை காத்திருப்பதில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் சைகை மொழியையும் மொழியென ஏற்கின்றது. இலங்கை 2016 இல் அதனை ஏற்றுறுதி செய்தது. ஆயினும் சட்டம் மட்டும் பிள்ளைக்கு மொழியைத் தந்துவிடாது. செவிப்புலனற்ற பிள்ளையைச் சிறுவயதிலேயே சைகை மொழி பேசுவாரிடை சேர்த்தலும், வீட்டாரும் அயலாரும் அதனைக் கற்றலும் வேண்டும். அப்போது, வயல்வரம்பில் நின்று ‘வா’ என்று அழைக்கும் கை, ‘நேற்று ஏன் வரவில்லை?’ என்றும் அப்பிள்ளையைக் கேட்கும்; பிள்ளையும் விடை கூறும்.