ஏரியைச் சுற்றி ஓடியவர்கள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "வெளிநாட்டு அனுபவம் எதையாவது எழுதிக் கொடு" என்றார்கள். பாலம், கான்கிரீட் பற்றி எழுதினால் நம் சிவில் பிரிவு ஆட்களே பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். ஆகவே ஓட்டத்தைப் பற்றி எழுதுகிறேன். காலேஜ் நாட்களில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு விடுதிக்குப் பின்னால் இருந்த ஏரிக்கரையில் க்ராஸ் கன்ட்ரி பயிற்சி என்று எங்களை விரட்டியது 2006 முதல் 2010 வரை படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பாதி தூரத்தில் டீக்கடையில் ஒதுங்கி, திரும்பும்போது கூட்டத்தோடு சேர்ந்துகொண்டவர்களில் நானும் ஒருவன். இப்போது ஒப்புக்கொள்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

வேலை நிமித்தம் இரண்டு வருடம் வட இங்கிலாந்தில் இருந்தேன். அங்கே ஏரி மாவட்டம் என்று ஒரு மலைப்பகுதி. அதன் வடபகுதியில் கெஸ்விக் என்ற சின்ன ஊர். ஊரை ஒட்டி டெர்வென்ட்வாட்டர் ஏரி. சுமார் 5 கிலோ மீட்டர் நீளம், ஒன்றரை கிலோ மீட்டர் அகலம், ஆழமான இடத்தில் 22 மீட்டர். நம் ஊர் ஏரி மாதிரி மண்கரை போட்டுத் தேக்கியது இல்லை. பனியாறு பள்ளத்தாக்கைச் சுரண்டித் தோண்டிவிட்டுப் போன குழி. கடைசிப் பனியுகம் முடிந்து 11,700 வருடம் ஆகிறது. ஒரு காலத்தில் வடக்கே இருக்கும் பாசென்த்வெய்ட் ஏரியும் இதுவும் ஒரே ஏரி. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் நடுவில் படிந்து இரண்டாகப் பிரித்துவிட்டது. தென்மேற்கே வாஸ்ட்வாட்டர் என்று இன்னொன்று. அதன் ஆழம் 79 மீட்டர். ஏரியின் அடி கடல்மட்டத்துக்கும் கீழே போகிறது. பனிக்கட்டி செய்த எக்ஸ்கவேஷன் வேலை என்றால் நம்ப முடிகிறதா?

டெர்வென்ட்வாட்டரை ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 10 மைல். தென்கோடியில் சதுப்பு நிலத்துக்கு மேல் மரப்பலகை பாவிய நடைபாதை. மேற்குக் கரையில் காடு. அந்தப் பாதையில் முதல் தடவை ஓடியபோது, இதெல்லாம் சர்க்கார் போட்டுக் கொடுத்தது என்றுதான் நினைத்தேன். அப்படி இல்லை. சண்டை போட்டு வாங்கியது.

1887-ல் இந்த ஏரியின் மேற்குக் கரையில் ஃபா பார்க் என்ற எஸ்டேட் வழியாகப் போன பழைய பாதையை அடைத்துவிட்டார்கள். அதே சமயம் ஊருக்கு மேலே இருக்கும் லாட்ரிக் என்ற குன்றுக்குப் போகும் பாதையையும் நிலச்சொந்தக்காரர்கள் மூடினார்கள். கெஸ்விக் ஆட்கள் பாதைப் பாதுகாப்புச் சங்கத்தில் ஒன்று கூடினார்கள். ஜென்கின்சன் என்பவர் முன்னின்றார். வழிகாட்டிப் புத்தகங்கள் எழுதியவர். முதலில் ஃபா பார்க்கில் தடைகளை அகற்றினார்கள். அடுத்து 1887 அக்டோபர் 1-ஆம் தேதி சுமார் 2,000 பேர் திரண்டு லாட்ரிக் உச்சிக்கு ஏறினார்கள். அந்தச் சின்ன ஊருக்கு இது எவ்வளவு பெரிய கூட்டம் என்று பாருங்கள்! வழக்கு கோர்ட்டுக்குப் போய் 1888-ல் சமரசத்தில் முடிந்தது. ஸ்பூனி கிரீன் லேன் வழியாக உச்சிக்குப் பாதை கிடைத்தது. இந்தப் பெயரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அந்த ஊர்ப் பாதிரியார் ரான்ஸ்லி என்பவருக்கும் இதில் பங்கு உண்டு. 1895-ல் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கிய மூவரில் ஒருவர். 1902-ல் மேற்குக் கரையின் பிரான்டெல்ஹோ காட்டை, வீடு கட்டுபவர்கள் கைக்குப் போகாமல், பொதுமக்களிடம் வசூல் செய்து வாங்கினார்கள். இன்று ஏரியைச் சுற்றி ஓடுபவர்கள் அந்தக் காட்டுக்குள் புகுந்துதான் வருகிறார்கள்.

ஆனால் ரான்ஸ்லி எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்கில் மான்செஸ்டர் நகராட்சி தர்ல்மியர் ஏரியில் அணை கட்டி, 96 மைல் தூரம் பம்ப் இல்லாமல் புவியீர்ப்பிலேயே தண்ணீரைக் கொண்டுபோனது. 1894-ல் தண்ணீர் மான்செஸ்டர் போய்ச் சேர்ந்தது. கரையிலிருந்த பழைய குடியிருப்புகள் மூழ்கின. சிவில் என்ஜினீயராக எனக்கு அந்தக் கால்வாய் மேல் மரியாதை. ஓடுகிறவனாகக் கொஞ்சம் வருத்தம். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஆக, பாதை கிடைத்துவிட்டது. ஓடியது யார்?

மலைகளை ஒரே நாளில் எத்தனை ஏறி இறங்கலாம் என்ற போட்டி 19-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே உண்டு. 1905-ல் கெஸ்விக் டாக்டர் வேக்ஃபீல்ட் 22 மணி 7 நிமிடத்தில் பெரிய சுற்று ஒன்றை முடித்தார். இவர் 1922-ல் எவரெஸ்ட் பயணக் குழுவிலும் போனவர். அதை எல்லாம் தாண்டியவர் பாப் கிரஹாம். கெஸ்விக்கில் விருந்தினர் இல்லம் நடத்தியவர். 1932 ஜூன் மாதம், 42 சிகரங்கள், 23 மணி 39 நிமிடம். டென்னிஸ் ஷூ, அரை டிரவுசர், பைஜாமா சட்டை. சாப்பாடு ரொட்டி வெண்ணெய், அவித்த முட்டை, பழம், மிட்டாய். தனக்கு வயது 42 என்பதால் 42 சிகரம் எடுத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதே வருடம் ஏப்ரலில்தான் தெற்கே கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளிகள் தடையை மீறி ஏறி, சிலர் ஜெயிலுக்குப் போனார்கள். அங்கே மலையில் நடந்ததற்கு ஜெயில்; இங்கே 42 மலை ஏறிய மனிதர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் சுமார் 66 மைல், மொத்த ஏற்றம் சுமார் 27,000 அடி. எவரெஸ்டின் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. மலைநடைக்கு 1892-ல் ஸ்காட்லாந்துக்காரர் நெய்ஸ்மித் ஒரு சூத்திரம் கொடுத்தார்: 3 மைலுக்கு ஒரு மணி, அதோடு ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி. அந்தக் கணக்குப்படி 22 மணியும் பதின்மூன்றரை மணியும் சேர்ந்து முப்பத்தைந்தரை மணி ஆகிறது. கிரஹாம் அதில் 12 மணியை விழுங்கிவிட்டார். "எவனாவது நம்புவானா?" என்று கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். 28 வருடம் யாராலும் திரும்பச் செய்ய முடியவில்லை. 1960-ல்தான் ஆலன் ஹீட்டன் 22 மணி 18 நிமிடத்தில் முடித்தார். அதோடு பேச்சு அடங்கியது. 1966-ல் கிரஹாம் காலமானார்; உண்மை நிரூபணமானதை உயிரோடு இருந்து பார்த்துவிட்டுப் போனார் என்பதில் எனக்கு ஒரு திருப்தி.

1971-ல் கிளப் ஆரம்பித்தார்கள். விதி ரொம்ப எளிது: 24 மணிக்குள் கெஸ்விக்கின் மூட் ஹால் கட்டடத்திலிருந்து கிளம்பி அங்கேயே திரும்ப வேண்டும், ஒவ்வொரு சிகரத்திலும் கூட ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். பரிசுத் தொகை கிடையாது. கூட்டாளிகள் தண்ணீர் சுமந்து, வழி காட்டி, நேரம் குறித்துக் கூடவே ஓடுவார்கள். நாளை அவர்கள் ஓடும்போது இவர் சுமப்பார். நம்ம ஊர் மொய்க் கணக்கு மாதிரிதான். 1977-ல் ஜீன் டாஸ் இதை முடித்த முதல் பெண். 1982-ல் பில்லி பிளாண்ட் 13 மணி 53 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்; அதை உடைக்க 2018-ல் கிலியன் ஜோர்னே வரவேண்டியிருந்தது. 2022-ல் ஜாக் குன்ஸ்லி 12 மணி 23 நிமிடம்.

எனக்குப் பிடித்தவர் இவர்களில் யாரும் இல்லை. ஜாஸ் நெய்லர். வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு மேய்த்தவர். இளம் வயதில் முதுகில் ஆபரேஷன் நடந்தவர். 1975-ல் 24 மணிக்குள் 72 சிகரம். 1986-ல் 214 மலைகளை ஏழு நாள் சொச்சத்தில் முடித்தார். 70 வயதில் 70 மலை ஓடினார். 2024-ல் 88 வயதில் காலமானார். பயிற்சியாளர் யார் என்று கேட்டால் ஆடுகளைத்தான் காட்ட வேண்டும். அந்த மலைகளில் வேலி இல்லாமலே தன் எல்லையை விட்டு நகராத ஆட்டு இனம் இருக்கிறது. தாயிடமிருந்து குட்டி எல்லையைக் கற்றுக்கொள்கிறது. 2001-ல் கோமாரி நோய் வந்து மந்தைகள் அழிக்கப்பட்டபோது மலைகளையே மூடிவிட்டார்கள், ஓட்டங்களும் ரத்து. 1887-ல் அடைத்ததை உடைத்த ஊர், இந்தத் தடவை பேசாமல் கீழேயே நின்றது.

இனி என் கதை. என்னோடு வேலை பார்த்த ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இரண்டு வருடம் பயிற்சி எடுத்து இந்தச் சுற்றுக்கு இறங்கினார். நானும் உதவிக் குழுவில் சேர்ந்தேன், ஓட அல்ல, கார் ஓட்ட. நள்ளிரவில் மூட் ஹாலிலிருந்து கிளம்பி ஸ்பூனி கிரீன் லேன் வழியாக, லாட்ரிக்குக்குப் பின்புறமாக ஸ்கிடா மலைக்கு ஏறினார்கள். இன்று இந்தச் சுற்றை ஓடுபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் மைல் அந்த வழக்கில் கிடைத்த பாதைதான். காலையில் டன்மெயில் ரைஸ் கணவாயில் சூப்பும் உருளைக்கிழங்கும் கொடுத்தேன். அங்கிருந்து அவர் 15 சிகரம் தாண்டி, இங்கிலாந்தின் உயர்ந்த மலையான ஸ்காஃபெல் பைக் வழியாக வாஸ்டேலில் இறங்க வேண்டும். நான் மலைத்தொடரைச் சுற்றிக் காரில் போய் முன்னாலேயே காத்திருந்தேன்.

வாஸ்டேல்தான் நிறைய பேர் கைவிடும் இடம். கார் நிற்கிறது, எதிரே யூபேரோ செங்குத்தாக நிற்கிறது. குழுவில் மூத்தவர் எனக்கு ஒரே ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார்: "உட்கார விடாதே." மனிதர் இறங்கி வந்தபோது முகம் சாம்பல் நிறம், வயிற்றில் எதுவும் தங்கவில்லை. என்னையறியாமல் மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தவரை நிற்க வைத்துப் பேசிப் பழக்கமில்லையே! உட்கார்ந்தார். இருபது நிமிடம் ஆயிற்று. எழுந்திருக்கவில்லை. நேரக் கணக்கில் அப்போதும் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

திரும்பும் வழியில் காரில் ஒருவரும் பேசவில்லை. கெஸ்விக் வந்ததும் அவர் நேராக ஏரிக்கரைக்குப் போய், ஷூவோடு தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு நின்றார். நாற்காலி விஷயத்தை அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை. மறுவாரம் ஆபீஸில் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "நீ போடாவிட்டால் தரையில் உட்கார்ந்திருப்பேன்" என்றார். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா, தெரியாது.

அடுத்த வருடம் மே மாதம் மறுபடி இறங்கினார். நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு செய்தி வந்தது: 23 மணி 41 நிமிடம். பாப் கிரஹாமைவிட இரண்டே நிமிடம் அதிகம். வாஸ்டேலில் நாற்காலியைக் காருக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்களாம்.